வெள்ளிக்கிழமைக் கூந்தல்

செல்வி, பாபு... என் பிள்ளைகளே,

உங்கள் அம்மாவின் கூந்தலை நான் விற்றேன்.

வெட்டி விற்கவில்லை. படம் பிடித்து விற்றேன். அவளுக்குத் தெரியாமல், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வாரம் தவறாமல் விற்றேன். கடைசியில் அம்மன் சந்நிதியில் அவள் அந்தக் கூந்தலை இறக்கிக் கொடுத்தாளே... அதையும் விற்றேன்!

முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் நீங்கள் நடுவில் எழுந்து போய்விடுவீர்கள். அல்லது நானே எழுதாமல் விட்டுவிடுவேன்.

தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குப் பர்மிய மொழிதான் சரளம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. இது வேகமாகப் படித்து முடிக்கிற சங்கதி அல்ல. நானும் எட்டாவதோடு நின்றவன்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் உள்ள தப்பைச் சொல்கிறேன். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். காலை பத்து மணி வெயில், கரண்டு இருக்கிறது, தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது. வயிறு நிறைய மொஹிங்கா, அதுதான் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், சாப்பிட்டிருக்கிறேன். செல்வி, நீ சிங்கப்பூரில் நர்ஸ், பாபு சியாங்மாயில் சமையல்காரன். இருவரும் உயிரோடு, கௌரவமாக இருக்கிறீர்கள். இந்த ஊரில் இந்தக் காலத்தில் ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? நான் நிறைவாகத்தான் இருக்கிறேன். அந்த நிறைவுக்குள் ஒரு முள் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களிடம் என்ன சொல்லி வளர்த்தேன்? “அப்பாவுக்கு வெளிநாட்டுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை.” கம்ப்யூட்டர் உண்மை. வெளிநாட்டுப் பணம் என்பதும் உண்மை. கம்பெனி மட்டும் நான் ஒருவனே!

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி நான் வைத்திருந்த இன்டர்நெட் கடை உனக்கு நினைவிருக்கும், செல்வி. ரயில் போனால் திரைகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. நான் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன்.

அப்போதுதான் லத்தா கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த கோ தெய்ன் என்ற சீனர் என்னைக் கூப்பிட்டார். வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கிற இணையதளங்கள் சில அவருக்கு இருந்தன. எங்கிருந்தோ வரும் படங்களை ஏற்ற வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், சந்தா கட்டுகிறவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். என்ன படங்கள் என்று புரிகிறதா? புரியும். நீங்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை.

சோற்றுக்கு வழி இல்லாமல் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு உண்மை அதுவல்ல. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. படங்கள் அல்ல, வேலை. எந்த ஊரிலோ இருக்கிற ஒருவன் எதைத் தேடுகிறான், எங்கே நின்று பார்க்கிறான், எதைத் தாண்டிப் போகிறான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கவனிப்பது... ஒரு போதை அது!

அந்த வியாபாரமும் படுத்தது. உலகம் முழுக்க எல்லாப் படமும் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. சந்தாக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கோ தெய்ன் ஒரு நாள் டீக்கடையில் வைத்துச் சொன்னார்:

“முடிஞ்சு போச்சு கோ மணி. வெளியே மழை கொட்டுது. நீ தண்ணிய பாட்டில்ல அடைச்சு வச்சுக்கிட்டு வா வான்னு கூப்பிட்டா எவன் வருவான்?”

“எல்லாத்தையும் மூடிடறதா?”

“நான் போன் கவர் விக்கப் போறேன். அந்தக் குப்பை வேணும்னா நீயே வச்சுக்க.”

வைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. ஆனால் முகத்தை மறைக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருப்பேனாம். உங்கள் அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் வேறொன்று செய்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

செத்துக்கொண்டிருந்த அந்தத் தளங்களை நான் தினமும் திறந்து பார்ப்பேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆடை இல்லாத படங்களை எல்லாம் தள்ளிவிட்டுப் போகிறவர்கள், ஒரே ஒரு படத்தில் மட்டும் நின்றார்கள். நெஞ்சோடு லுங்கியைக் கட்டிய ஒரு பர்மியப் பெண், கிணற்றடியில் குனிந்து தலை கசக்கிக்கொண்டிருக்கிறாள். முகம்கூடத் தெரியாது. முழங்கால் வரை முடி! அதைத்தான் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். இன்னும் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டார்கள்.

லத்தாவில் ஜிப்பு மட்டும் விற்கிற ஒரு கடை இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? துணிக்கடைகள் எத்தனையோ இழுத்து மூடிவிட்டன, அந்த ஜிப்புக் கடைக்காரர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் எல்லாம் வைத்திருக்கிறவன்தான் முதலில் சாகிறான். நாலு பேருக்கு மட்டும் வேண்டியதை வைத்திருக்கிறவன் பிழைத்துக்கொள்கிறான். எனக்கு அன்று அது புரிந்தது.

மற்ற தளங்களை மூடினேன். கூந்தலுக்கென்று ஒன்று தொடங்கினேன். தலை குளிப்பது, காய வைப்பது, வாருவது, எண்ணெய் தடவுவது... அவ்வளவுதான். ஒரு துணி விலகாது. இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். படத்தில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாசலில் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்தேன். கோலம் பார்க்க வந்தவர்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவில்லை.

படத்துக்குப் பெண்கள் வேண்டுமே! லத்தாவில் முடி வெட்டும் கடை வைத்திருந்த மா மோ உதவினாள். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கறாராகப் பேசினாள். வருகிறவர்கள் வயது வந்த பெண்களாக இருக்க வேண்டும். எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். எடுத்ததை அவர்களிடம் காட்ட வேண்டும். எடுத்துவிடு என்று பிறகு எப்போது சொன்னாலும் எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வந்த எல்லாப் பெண்களிடமும் அப்படியே நடந்தேன். ஒரு பெண் கல்யாணம் நிச்சயமானதும் போன் செய்தாள். அந்த நிமிடமே அவள் படங்களை அழித்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்த விதியை நான் ஒரே ஒரு பெண்ணிடம் மீறினேன். அவள் என் மனைவி!

அன்று வெள்ளிக்கிழமை. வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை. புதிதாக ஏற்ற ஒன்றும் இல்லை. வெள்ளிதோறும் அம்மா தலை முழுகுவாளே... நம் சீயக்காயோடு, பர்மியர்கள் கொதிக்க வைக்கிற தயோ பட்டையையும் கலந்து, எலுமிச்சை பிழிந்து தேய்ப்பாளே... வீடெல்லாம் அந்த வாசனை அடிக்குமே! குளித்துவிட்டுப் பால்கனியில் தெருவுக்கு முதுகைக் காட்டாமல், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று உலர்த்துவாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாதாம்.

தெருவில் யாரும் பார்க்கவில்லை. நான் அறைக்குள்ளிருந்து எடுத்தேன்.

ஒரு தடவைதானே என்று நினைத்தேன். முகம் இல்லையே என்று நினைத்தேன். என் மனைவிதானே என்று நினைத்தேன்... இந்தக் கடைசி நினைப்பு இருக்கிறதே, அதுதான் மோசமானது. மா மோ கடைக்கு வருகிற பெண்ணிடம் கேட்கத் தெரிந்த எனக்கு, என் சோற்றைப் பொங்கிப் போடுகிறவளிடம் கேட்கத் தோன்றாமல் போனது எதனால்?

அந்தப் படம் பிடித்துக்கொண்டது. அதுவரை ஏனோதானோ என்று இருந்தவர்கள் நீலக் கதவுப் பெண்மணி எங்கே, நீலக் கதவுப் பெண்மணி எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். நம் பால்கனிக் கதவு நீலம் அல்லவா! அடுத்த வெள்ளியும் எடுத்தேன். அதற்கடுத்த வெள்ளியும். எங்கோ பனி பெய்கிற ஊர்களில் இருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். ஏன் வெள்ளி என்று அவர்களுக்குத் தெரியாது. மங்களமான நாள், சுமங்கலிகள் தலை முழுகுகிற நாள் என்று யார் போய்ச் சொல்வது?

மா மோ ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

“இது எங்க கடைப் பொண்ணு இல்லையே. உங்க ஆளுங்க முடி மாதிரி இருக்கு. யாரு?”

“தெரிஞ்சவர் சம்சாரம்.”

“அவங்ககிட்ட கேட்டியா?”

“கேட்டேன்.”

“காட்டினியா?”

“காட்டினேன்.”

“பாத்துட்டு என்ன சொன்னாங்க?”

“சிரிச்சாங்க,” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

தளம் நிலைத்தது. மாதாமாதம் பணம் வந்தது. வீட்டில் என் முகம் தெளிந்தது. உங்கள் அம்மா அதைப் பார்த்தாள். ஒரு நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

“ஏங்க, வர்ற ஆடி வெள்ளி கோயிலுக்குப் போகணும். ஒரு வேண்டுதல் இருக்கு.”

“என்ன வேண்டுதல்?”

“உங்க வேலை தட்டுக்கெட்டுக் கிடந்துச்சே, அப்ப வேண்டிக்கிட்டேன். நிலைச்சா முடி எறக்குறேன்னு. அம்மா குடுத்துட்டா. நானும் குடுக்கணுமில்ல?”

பிள்ளைகளே, கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

பாருங்கள், எப்படிப்பட்ட முடிச்சு! என் பிழைப்பு நிமிர்ந்தது அவள் கூந்தலால். நிமிர்ந்ததற்கு நன்றியாக அவள் கொடுக்கப் போவதும் அதே கூந்தல். இதை நான் யாரிடம் சொல்லிச் சிரிப்பேன், யாரிடம் சொல்லி அழுவேன்?

நான் தடுத்துப் பார்த்தேன். “எதுக்கு முழுசா? பூமுடி குடுத்தா போதாதா? முன்னாடி மூணு கொத்து எடுத்துக் குடுத்துடு. பொம்பளைங்க நிறையப் பேர் அப்படித்தானே செய்றாங்க?”

“வேண்டிக்கிறப்ப பூமுடின்னு சொல்லலியே. இப்ப சாமிகிட்ட பேரம் பேசச் சொல்றீங்களா?”

“இல்ல தனம்... இவ்வளவு முடி... பாவமா இருக்கு.”

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. என் முடி மேல உங்களுக்கு இவ்வளவு ஆசையா?”

ஆமாம் என்றேன். அது பொய்யா, உண்மையா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை!

அந்த ஆடி வெள்ளி உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் இருவரும் கூட இருந்தீர்கள். அம்மா மஞ்சள் சேலை கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாவிதர் தண்ணீர் தெளித்து முதல் வழிப்பு வழித்தார். நான் எதிரே நின்று போனில் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “அப்பா அழுகுது, அப்பா அழுகுது” என்று பாபு கைகொட்டினான். இப்போதும் நல்ல நாள் பெரிய நாளில் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறீர்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். உங்க அப்பாவுக்கு என் முடின்னா உசுரு என்பாள்.

குடும்ப நினைவுக்காக எடுத்தேன். சத்தியமாக, எடுக்கிறபோது அப்படித்தான் நினைத்தேன்!

ஆனால் நீலக் கதவுப் பெண்மணி இனி வரமாட்டாள் என்று எழுதினேனா... கெஞ்ச ஆரம்பித்தார்கள். வெட்டினாளா, யார் வெட்டியது, படம் இருக்கிறதா? முடி மழிப்பதைப் பார்க்க மட்டுமே ஏங்குகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் தெரிகிற இடங்களை வெட்டினேன். பின்னால் கேட்ட நாயன ஓசையை எடுத்தேன். உங்கள் குரல்களை எடுத்தேன். மஞ்சள் சேலை, குனிந்த கழுத்து, மடியில் விழுகிற கூந்தல்... அதை மட்டும் வைத்து ஏற்றினேன்.

இந்த வீட்டில் உள்ள இன்வர்ட்டர், உன் நர்ஸ் படிப்பு, ராணுவத்துக்கு ஆள் பிடித்தபோது பாபு அவசரமாக எல்லை தாண்டச் செலவானது எல்லாம் அதிலிருந்து வந்தவை. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, மகளே. இப்படித்தான் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நீங்கள். அவற்றை வாங்கியபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அதுதான் எனக்கே விளங்காத இடம்!

போன மாதம் நீ போனில் கேட்டாய், செல்வி. “அப்பா, அம்மா மொட்டை போட்டப்ப எடுத்தீங்களே வீடியோ, அனுப்புங்களேன். இங்க கூட இருக்கிற பொண்ணுங்களுக்குக் காட்டணும்.” தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட என்ன இருக்கிறது? முழுப் படத்தை அழித்து வெகுநாள் ஆகிறது. நான் வெட்டி ஒட்டிய, தளத்தின் பெயர் குத்திய ஒன்றுதான் மிச்சம். அதை எப்படி என் மகளுக்கு அனுப்புவேன்?

பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். “அனுப்புங்க, நானும் பாத்து நாளாச்சு,” என்றாள்.

மறுநாள் பிற்பகல் சொல்லிவிட்டேன். கரண்டு இல்லாத நேரம். அவள் பால்கனியில் உட்கார்ந்து புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து, கோ தெய்னில் தொடங்கி, தளம், மா மோ, வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.

“என் முடியவா?”

“ஆமா.”

“வெறும் முடியவா? மூஞ்சி இல்லாமயா?”

“முதுகுப் பக்கம்தான்.”

அவள் சிரித்தாள்! கீரைக் காம்பை என் மேல் எறிந்தாள். “அவனுங்க வீட்டுல பொம்பளைங்க தலையே முழுகறதில்லையா? இதுக்குப் போய்க் காசா? லூசுப் பசங்க! நீங்களாச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நல்ல லுங்கி கட்டியிருப்பேன். அந்தக் கிழிஞ்ச பச்சையோடயா ஊரெல்லாம் நிக்கிறேன்?”

நானும் சிரித்தேன். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா! அங்கேயே நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

“கோயில்ல எடுத்ததையும் போட்டேன், தனம்.”

“எதை?”

“முடி எறக்கினதை.”

கீரையில் இருந்த கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பால்கனியில் காய்கிற துணியைப் பார்த்தாள்.

“அது அவளுக்குக் குடுத்ததுங்க,” என்றாள். ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “உங்களுக்குக் குடுக்கலியே,” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டு வந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் எல்லாம் “மீ லாபி! மீ லாபி!” என்று கத்தினார்கள். அவள் கீரையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“மோட்டாரைப் போடுங்க. தண்ணி ஏறட்டும்.”

போட்டேன்.

அந்தப் படத்தை அன்றே தளத்திலிருந்து எடுத்தேன். அவளுடைய வெள்ளிக்கிழமைகள் அத்தனையையும் எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று பலர் கோபித்தார்கள். ஒருவர் மட்டும் அன்பாக எழுதினார்: வருத்தப்படாதே நண்பா, எல்லாவற்றையும் நான் சேமித்து வைத்திருக்கிறேன்.

அன்பாக!

மற்றப் பெண்களின் தளத்தை மூடவில்லை. மூடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். “அவங்க தெரிஞ்சுதானே வந்தாங்க? அது அவங்க பாடு,” என்றாள். பிறகு, “பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க. செல்வி கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்,” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் சொல்லாமல் இருந்தால் எழுதியிருப்பேனா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. டீ வருகிறது. சந்தையில் யார் என்ன சொன்னார்கள் என்று வழக்கம்போல் சொல்கிறாள், நான் சிரிக்கிறேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு, துண்டை இறுகச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறி மேல்தளத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே உலர்த்தி, பின்னி முடித்த பிறகுதான் இறங்கி வருகிறாள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? என்ன உரிமையில்?

செல்வி, அந்த வீடியோவை இனி கேட்காதே. அது இல்லை. எங்கோ இருக்கிறது, ஆனால் நம்மிடம் இல்லை.

இதுவரை எழுதியதும் குளியலறைக்குப் போனேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். தண்ணீர் போகும் ஓட்டையில் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி நின்றது. குந்தி உட்கார்ந்து விரலை விட்டு எடுத்தேன். முன்புபோல நீளம் இல்லை, பாதிக்கு மேல் நரை. வழக்கமாக இந்த மாதிரிக் குப்பையைப் பின் ஜன்னல் வழியாகச் சந்துக்குள் எறிந்துவிடுவேன், எல்லாரையும் போல. இன்று எறியவில்லை. சுத்தமான தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். பழைய செய்தித்தாளில் வைத்து மடித்து, மேலே இன்னொரு தாள் சுற்றினேன். சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கித் தெரு முனைக் குப்பைத் தொட்டி வரை நடந்தேன். மேலாகப் போட மனம் வரவில்லை. கையை உள்ளே விட்டு, வாழைத்தோல்களுக்கும் முட்டை ஓடுகளுக்கும் அடியில், யார் கண்ணிலும் படாத ஆழத்தில் அதை வைத்துவிட்டு வந்தேன்.